இருபத்தெட்டாம் நாள்

கான்கிரீட் காய்ந்து இறுகுவதில்லை,
நீருக்குள் கிடந்துதான் இறுகும்.
அன்டோஃபகாஸ்டா சோதனைக்கூடத்தில் சேர்ந்த அன்று
இதைக் கேட்டுச் சிரித்தேன்.
மழையே பெய்யாத ஊரில்
கல்லுக்குத் தண்ணீர்த் தொட்டி.

அப்போது வயது இருபத்து மூன்று.
எனக்கென்று ஒரு சைக்கிள் இருந்தது,
பாதி வாடகைக்கு ஓர் அறை.
கருத்துகள் மட்டும் எல்லாம் இரவல்.
ஞாயிறுகளில் அம்மாவின் தேவாலயம்,
மே முதல் தேதி அப்பாவின் தொழிற்சங்கம்.
அறைத்தோழி ஃப்ளோரென்சியா இறைச்சியை விட்டபோது
நானும் மூன்று வாரம் விட்டேன்.
நான்காம் வாரம் அவள் ஊருக்குப் போனாள்,
நான் கோழி வாங்கினேன்.
எதைப் போட்டுக்கொண்டாலும் எனக்குப் பொருந்தியது.
அங்கேயே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

உருளைகளின் தலையில்
கந்தகம் உருக்கி ஊற்றுவது என் வேலை.
அழுகிய முட்டை நாற்றம் முடியில் ஏறிவிடும்,
பேருந்தில் பக்கத்து இருக்கை காலியாகவே வரும்.
பிறகு இயந்திரத்தில் நிறுத்தி
உடையும்வரை அழுத்த வேண்டும்.
நல்லது வெடிக்கும்.
மோசமானது முனகும்.

மலைச்சரிவில் எழும் குடியிருப்பு,
நான்காம் மாடித் தூண்,
இருபத்தெட்டாம் நாள்.
முனகியது.
முள் பத்தொன்பதில் நின்றுவிட்டது.
வேண்டியது இருபத்தைந்து.

ஒஸ்வால்தோ கெட்டவர் இல்லை,
தன் ரொட்டியில் பாதியை வாசல் நாய்க்குப் போடுபவர்.
"இருபத்தைந்து என்று எழுது யஸ்னா,
ஓர் உருளையை நம்பியா கட்டடம் நிற்கிறது?"
எழுதினேன்.
கை நடுங்கவில்லை.
ஐந்து அழகாக வந்தது, தொப்பை வைத்த ஐந்து.
மதியம் எம்பனாடா தின்றேன்.
ருசியாகத்தான் இருந்தது.

எட்டு நாள் கழித்து, இரவு மூன்றரைக்கு
நிலம் ஒருமுறை தோளைக் குலுக்கியது.
கண்ணாடித் தம்ளர்கள் கிசுகிசுத்தன.
எங்கள் ஊருக்கு இது கொட்டாவி மாதிரி,
எல்லோரும் புரண்டு படுத்தார்கள்.
நான் மாடிகளை எண்ணினேன்.
ஒன்று, இரண்டு, மூன்று.
அதற்கு மேல் எண்ண வரவில்லை.
எதுவும் விழவில்லை,
அங்கே இன்னும் எவரும் குடிவரவும் இல்லை.
காலையில் பேருந்தில் அதைப் பேசிச் சிரித்தார்கள்.
எனக்கு வாயெல்லாம்
அந்த எம்பனாடாவின் ருசி.

அம்மாவின் கடவுளைக் கேட்டேன்,
மன்னித்துவிட்டதாகச் சொன்னார்.
அப்பாவின் சங்கத்தைக் கேட்டேன்,
முதலாளியைப் போய்க் கேள் என்றது.
இரண்டும் சரிதான்.
பேனா பிடித்த விரல்கள்
இரண்டு பேருடையதும் இல்லை.

அடுத்த உருளை இருபத்தொன்று.
இருபத்தொன்று என்று எழுதினேன்.
வசனம் எதுவும் பேசவில்லை, தொண்டை வறண்டிருந்தது.
ஒஸ்வால்தோ தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.
"இது உன்னைப் போல் இல்லையே" என்றார்.
என்னைப் போல் என்றால் எப்படி இருக்கும்?
அவருக்குத் தெரிந்திருந்தால்
கேட்டு வைத்துக்கொண்டிருப்பேன்.

பழைய தாளை எடுத்தேன்.
கூடத்தின் விதி, பிழையை அழிக்கக் கூடாது.
ஒரே ஒரு கோடு.
அடியில் இருப்பது படிக்கத் தெரிய வேண்டும்.
பக்கத்தில் சரியானது, தேதி, கையெழுத்து.
இப்போது நடுங்கியது கை.
ஒன்பது கோணலாகி ஏழு போல நின்றது.
மறுபடி ஒரு கோடு,
மறுபடி பத்தொன்பது,
மறுபடி என் பெயர்.

தூணை என்ன செய்தார்கள், தெரியாது.
என்னை மணல் சலிக்க அனுப்பினார்கள்.
ஒஸ்வால்தோ பேசுவதில்லை.
நாய் மட்டும் இரண்டு பக்கமும் வருகிறது.

உறுதி என்று இதற்குப் பெயர் வைத்தால்
கூச்சமாக இருக்கிறது.
மாதக் கடைசியில் பணத்தை எண்ணும்போது
உள்ளே ஏதோ முனகுவது எனக்குக் கேட்கிறது.
ஏழாம் நாள் சோதனை என்று ஒன்று உண்டு,
அதில் முழு பலத்தை யாரும் கேட்பதில்லை.
உடைத்துப் பார்த்துக் குறித்துக்கொண்டு
மற்றவற்றைத் தொட்டியிலேயே விட்டுவிடுவோம்.

காலணி நிறைய மணலோடு வீடு திரும்புகிறேன்,
வாசலில் தட்டிக் கொட்டுகிறேன்.
ஃப்ளோரென்சியா வந்துவிட்டாள்.
இப்போது அவள் மீன் மட்டும் சாப்பிடுகிறாளாம்.
அடுப்படியிலிருந்து கேட்கிறாள்,
"நீயும் அப்படித்தானே?"

இரு,
யோசித்துச் சொல்கிறேன்.